மின்னணு உறுப்புகளின் சிற்றளவுக் கொள்முதல்

மின்னணு உறுப்புகளின் சிற்றளவுக் கொள்முதல் என்பது, ஒரு சில கருவிகள் முதல் சில ஆயிரம் கருவிகள் வரை மட்டுமே செய்யும் வடிவமைப்பாளர் ஒருவர், தமக்கு வேண்டிய சில்லுகள், மின்தடையங்கள், மின்தேக்கிகள், இணைப்பிகள் முதலியவற்றைத் தேடித் தெரிவுசெய்து வாங்கும் முறையாகும். மாணவர்களின் செயல்திட்டங்கள், ஆய்வுக்கூடக் கருவிகள், வேளாண் உணரிகள், சிறு தொழிற்கூடங்களின் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் போன்றவை இவ்வாறு வாங்கிய உறுப்புகளைக் கொண்டே உருவாகின்றன.

கைப்பேசி நிறுவனம் ஒன்று ஒரே சில்லைக் கோடிக்கணக்கில் வாங்குகிறது. சிற்றளவு வடிவமைப்பாளரோ ஒரு வகைச் சில்லில் ஐம்பதோ நூறோ வாங்குகிறார். விலை, ஆவணம், தொழில்நுட்ப உதவி, தொடர்ந்து கிடைக்கும் என்னும் உறுதி ஆகிய நான்கிலும் இவ்விருவர் நிலையும் வேறானது. இந்நான்கனுள் விலையைப் பற்றியே அதிகம் பேசப்படுகிறது. ஆயினும் நூறு கருவிகள் செய்பவருக்கு ஒரு சில்லின் விலை இரு மடங்காவதால் வரும் இழப்பு சிறியதே. அச்சில்லே கிடைக்காமற் போனால் சுற்றுப்பலகையை மீண்டும் வரைந்து, நிரலை மாற்றி எழுதி, சோதனைகள் அனைத்தையும் முதலிலிருந்து செய்ய நேரிடும். சிற்றளவுக் கொள்முதலின் பெரும்பாலான வழக்கங்கள் இந்த இடரைத் தவிர்க்கும் பொருட்டு ஏற்பட்டவையே.

ஆலைகள் சிறு கொள்முதலை விரும்பாமைக்குக் காரணம்

சில்லுகள் சிலிக்கான் வட்டுகளின் மீது உருவாக்கப்படுகின்றன. பெரிய ஆலைகளில் பயன்படும் வட்டின் விட்டம் 300 மில்லிமீட்டர் ஆகும். பக்கத்துக்கு 2 மில்லிமீட்டர் அளவுள்ள சிறிய நுண்கட்டுப்படுத்தி ஒன்றை எடுத்துக்கொண்டால், விளிம்பில் வீணாவது போக, ஒரு வட்டில் 15,000-க்கும் மேற்பட்ட சில்லுகள் அமையும். வட்டுகள் தனித்தனியாக அல்லாமல் வழக்கமாக 25 கொண்ட தொகுதியாகவே ஆலைக்குள் செல்கின்றன. ஆகவே ஒரு தொகுதி முடிந்து வெளிவரும்போது மூன்றரை லட்சம் சில்லுகளுக்கு மேல் கையில் இருக்கும். வட்டாக உள்ளே சென்றது வெட்டப்பட்டு, பொதியிடப்பட்டு, சோதிக்கப்பட்டு விற்பனைக்கு வரப் பல மாதங்கள் ஆகின்றன. இத்தகைய ஆலையின் விற்பனைப் பிரிவுக்கு ஐம்பது சில்லுகளுக்கான வேண்டுகோள் ஒரு பொருட்டாக இராது.

இது அலட்சியத்தால் மட்டும் நேர்வதன்று. ஒவ்வொரு புதிய வாடிக்கையாளருக்கும் கணக்குத் தொடங்க வேண்டும். அவருடைய கடன் தகுதியையும், ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டங்களின்படி அவருக்கு விற்கலாமா என்பதையும் பார்க்க வேண்டும். ஐம்பது சில்லுகள் வாங்கியவர் கேட்கும் ஒரே ஒரு தொழில்நுட்ப ஐயத்தைத் தீர்க்க ஆலையின் பொறியாளர் ஒரு மணி நேரம் செலவிட்டாலும், அந்த விற்பனையில் கிடைத்த ஆதாயம் கரைந்துவிடும்.

மறுபுறம், இன்று ஐம்பது வாங்குபவர் மூன்று ஆண்டுகளில் ஐம்பதாயிரம் வாங்குபவராகலாம் என்பதை ஆலைகள் அறிந்தேயுள்ளன. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ், அனலாக் டிவைசஸ், மைக்ரோசிப் முதலிய நிறுவனங்கள் இலவச மாதிரிகள் வழங்கும் வழக்கம் இக்காரணத்தால் வந்தது. மாதிரிகளைச் சேர்த்து வைப்பதையே பொழுதுபோக்காகக் கொண்டோர் பெருகியதால், நிறுவன அல்லது கல்லூரி மின்னஞ்சல் முகவரி இல்லாதோருக்கு மாதிரி அளிப்பதில்லை என்ற கட்டுப்பாடு சில இடங்களில் உண்டு. மாதிரியாகக் கிடைத்த ஒரு சில்லைச் சிறு எண்ணிக்கையில் விலைக்கும் வாங்க முடியும் என்பதற்கு உறுதியில்லை என்பது குறிப்பிடத்தக்கது. விநியோகஸ்தர்களிடம் இருப்பில் உள்ளதா என்று பார்க்காமல், கையிலுள்ள மூன்று மாதிரிகளை நம்பிச் சுற்றை வரையத் தொடங்குவது புதியவர்களிடம் அடிக்கடி காணப்படும் பிழையாகும்.

வரலாறு

தொகுசுற்றுகள் பரவத் தொடங்கிய 1970களில் நுண்செயலியை ஒரு தனிமனிதர் வாங்குவது எளிதாக இருக்கவில்லை. இன்டெல் நிறுவனத்தின் 8080 நுண்செயலி ஒன்றின் பட்டியல் விலை 360 அமெரிக்க டாலராக இருந்தது. நியூ மெக்சிகோவின் ஆல்புகெர்க்கி நகரில் மிட்ஸ் என்னும் சிறு நிறுவனத்தை நடத்திவந்த எட் ராபர்ட்ஸ், மொத்தமாக வாங்குவதாகப் பேசி அதனை 75 டாலருக்குப் பெற்றார். 1975 சனவரியில் பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ் இதழில் அறிமுகமான ஆல்டேர் 8800 கணினியின் உறுப்புத் தொகுப்பு, நுண்செயலி ஒன்றின் பட்டியல் விலையை விடச் சற்றே கூடுதலான விலைக்கு விற்கப்பட்டது இப்பேரத்தினாலேயே ஆகும்.

அதே ஆண்டு செப்டம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த வெஸ்கான் கண்காட்சியில் மாஸ் டெக்னாலஜி நிறுவனம் தனது 6502 நுண்செயலியை 25 டாலருக்கு ஒற்றை ஒற்றையாக விற்றது. கண்காட்சி அரங்கில் விற்பனைக்கு இசைவு இல்லாததால், சக் பெடிலும் அவருடைய குழுவினரும் அருகிலிருந்த விடுதி அறையில் கண்ணாடிச் சாடியில் சில்லுகளை நிரப்பி வைத்து விற்றனர். கையேடுகளும் அங்கேயே விலைக்குக் கிடைத்தன. அங்கு வாங்கியவர்களுள் ஒருவர் ஸ்டீவ் வாஸ்னியாக். முதல் ஆப்பிள் கணினி 6502-ஐக் கொண்டு உருவானது. சில்லும் அதன் ஆவணமும் எவருக்கும் கேள்வியின்றிக் கிடைத்தால் என்ன நிகழும் என்பதற்கு இத்துறையில் பெரிதும் எடுத்துக்காட்டப்படும் நிகழ்வு இதுவாகும்.

ஆயினும் நிலையான வழி ஆலைகளிடமிருந்து வரவில்லை. இடையில் நின்ற வணிகர்களிடமிருந்தே வந்தது. இன்று உலகெங்கும் ஒற்றைச் சில்லையும் அனுப்பிவைக்கும் பெரிய விநியோகஸ்தர்கள் சிலர் மிக எளிய தொடக்கத்தைக் கொண்டவர்கள். அமெரிக்காவின் மௌசர் நிறுவனத்தை 1964 ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் தொடங்கிய ஜெரி மௌசர் ஓர் இயற்பியல் ஆசிரியர். தம் மாணவர்களுக்கு உறுப்புகள் தேவைப்பட்டதே தொடக்கத்துக்குக் காரணம். மின்னசோட்டா மாநிலத்தின் தீஃப் ரிவர் ஃபால்ஸ் என்ற சிற்றூரில் 1972 இல் டிஜி-கீ நிறுவனத்தைத் தொடங்கிய ரொனால்டு ஸ்டார்டல், வானொலி ஆர்வலர்கள் மோர்சுக் குறிகளை அனுப்ப உதவும் எண்முறைச் சாவி ஒன்றின் உறுப்புத் தொகுப்பை விற்றவர். அத்தொகுப்பு மறைந்துவிட்டது, அதன் பெயர் நிறுவனத்தின் பெயராக நிலைத்தது. இங்கிலாந்தின் ஃபார்னெல், ஆர்எஸ் ஆகியவை 1930களில் வானொலி உதிரிப்பாகங்களோடு தொடங்கியவை. டோக்கியோவின் அகிஹபரா, சீனாவின் சென்சென் நகரிலுள்ள ஹுவாசியாங்பெய் போன்ற கடைவீதிகள் இதே தேவையை வேறு விதமாக நிறைவேற்றின.

விநியோகஸ்தர் வழிக் கொள்முதல்

ஆலையோடு ஒப்பந்தம் செய்துகொண்டு, அதனிடமிருந்தே நேரடியாகப் பொருளைப் பெற்று விற்பவர் அங்கீகாரம் பெற்ற விநியோகஸ்தர் எனப்படுகிறார். இவர்களுள் இரு வகையினர் உண்டு. அவ்நெட், ஆரோ போன்றோர் பெரும்பாலும் உற்பத்தி அளவிலான வணிகத்தை நாடுவோர். டிஜி-கீ, மௌசர், ஃபார்னெல் போன்றோர் பல லட்சம் வகை உறுப்புகளை இருப்பில் வைத்து, ஒன்று கேட்டாலும் அனுப்புவோர். இவ்விரு வகையிலும் சேராமல், எங்கெங்கோ மிஞ்சிய இருப்பை வாங்கி விற்பவர் தரகர் எனப்படுகிறார். தரகரிடம் வாங்குவது சட்டப்படி குற்றமன்று; ஆனால் அவ்வுறுப்பு ஆலையிலிருந்து எந்தெந்தக் கை மாறி வந்தது என்பதற்குச் சான்று கிடைப்பது அரிது.

விநியோகஸ்தரின் விலை எண்ணிக்கைக்கேற்பப் படிப்படியாகக் குறையும். பெரும்பாலும் 1, 10, 100, 1000 ஆகிய இடங்களில் விலை மாறும். இதனால் சில வேளைகளில் குறைவாக வாங்குவது கூடுதல் செலவாகிவிடும். எடுத்துக்காட்டாக, பத்துக்கு மேல் வாங்கினால் ஒன்று 20 ரூபாய், நூறு வாங்கினால் ஒன்று 16 ரூபாய் எனில், 85 உறுப்புகளுக்கு 1,700 ரூபாய் ஆகும். 100 உறுப்புகளுக்கு 1,600 ரூபாயே ஆகும். படிவிலை மாறும் இடத்துக்குச் சற்றுக் கீழே நிற்பவர் அடுத்த படியையும் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும்.

உறுப்புகள் ஆலையிலிருந்து வெளிவரும் பொதியும் கொள்முதலைப் பாதிக்கிறது. பரப்பில் பற்றவைக்கும் சிறிய உறுப்புகள், குழிகள் கொண்ட நீண்ட நாடாவில் வரிசையாக அமைந்து, ரீல் எனப்படும் சுருளாகச் சுற்றப்படுகின்றன. 0603 அளவுள்ள மின்தடையங்கள் பொதுவாக ஒரு ரீலில் 5,000 இருக்கும். மூன்று கால்கள் கொண்ட சிறிய திரிதடையங்கள் 3,000 இருக்கும். ஆலை விற்கும் மிகச் சிறிய அளவு இந்த ரீலே ஆகும். சிறு விநியோகஸ்தரின் உண்மையான தொண்டு, அந்த ரீலைத் தாம் வாங்கி வைத்து, கத்தரித்து முப்பதும் நாற்பதுமாக விற்பதில் உள்ளது. கத்தரித்த துண்டுகளைத் தானியங்கி இயந்திரத்தில் பூட்டுவது கடினம் என்பதால், முன்னும் பின்னும் வெற்று நாடாவை இணைத்துச் சிறு ரீலாகச் சுற்றித் தருவதற்குத் தனிக் கட்டணம் பெறுகின்றனர். எள்ளளவே இருக்கும் மின்தடையங்கள் இயந்திரத்திலும் மேசையிலும் காணாமற் போவது வழக்கம். எனவே அவற்றை நூற்றுக்கு ஐந்து பத்தாவது கூடுதலாக வாங்குவதே நலம். ஈரத்தால் கெடக்கூடிய சில்லுகள் காற்றுப்புகாப் பையில் வருகின்றன. இவற்றுள் மிகுதியாகக் காணப்படும் மூன்றாம் தரத்தைச் சேர்ந்தவற்றைப் பை பிரித்த 168 மணி நேரத்துக்குள் பற்றவைக்க வேண்டும். தவறினால் மீண்டும் சூடேற்றி உலர்த்த வேண்டும்.

அண்மைக் காலத்தில் இவ்வமைப்பு இரு திசைகளில் மாறிவருகிறது. ஒன்று, ஆலைகள் தாமே இணையக் கடை திறப்பது. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் 2019 இல் அவ்நெட் உள்ளிட்ட சில பெரிய விநியோகஸ்தர்களுடனான உறவை முடித்துக்கொள்வதாக அறிவித்துத் தன் சொந்தத் தளம் வழியாகச் சிறு எண்ணிக்கையிலும் விற்பதில் முனைந்தது. மற்றொன்று, சுற்றுப்பலகையை அச்சிடும் நிறுவனமே உறுப்புகளையும் வாங்கிப் பற்றவைத்து அனுப்புவது. சென்சென் நகரின் ஜேஎல்சிபிசிபி நிறுவனமும் அதனோடு தொடர்புடைய எல்சிஎஸ்சி உறுப்புக் கடையும் இதற்கு நன்கறிந்த எடுத்துக்காட்டுகள். அங்கு எப்போதும் இயந்திரத்தில் பூட்டியிருக்கும் அடிப்படை உறுப்புகளுக்குத் தனிக் கட்டணம் இல்லை; மற்ற ஒவ்வொரு வகைக்கும் பூட்டுக் கூலி உண்டு. இதன் விளைவாக, ஐந்து பலகைகள் செய்யும் மாணவர், தரவுத்தாளைப் பார்ப்பதற்கு முன்பே அந்நிறுவனத்தின் பட்டியலைப் பார்த்து உறுப்பைத் தெரிவுசெய்கிறார். இதைக் குறையென்று சொல்வதற்கில்லை.

ஆவணங்களும் இரகசிய ஒப்பந்தங்களும்

சில்லை வாங்கிவிட்டால் மட்டும் போதாது. அதன் கால்களின் பணி, உள்ளமைந்த பதிவகங்கள், மின்னழுத்த எல்லைகள் ஆகியவற்றை விளக்கும் தரவுத்தாள் இல்லாமல் அதைப் பயன்படுத்த இயலாது. எளிய நுண்கட்டுப்படுத்திகளின் தரவுத்தாள்கள் எவரும் தரவிறக்கத்தக்கவை. ஆனால் கைப்பேசிகளுக்கும் தொலைக்காட்சிப் பெட்டிகளுக்கும் உரிய ஆற்றல்மிக்க சில்லுகளுக்கு இரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பின்னரே ஆவணம் கிடைக்கும். ஆண்டுக்கு எத்தனை லட்சம் வாங்குவீர்கள் என்ற கேள்வி அவ்வொப்பந்தத்துக்கு முன்னரே வரும். பணம் வைத்திருந்தும் வாங்க முடியாத நிலை இங்குதான் ஏற்படுகிறது.

2012 இல் வெளியான ராஸ்பெரி பை கணினி இந்த மதிலின் இயல்பை நன்கு காட்டுகிறது. அதில் இடம்பெற்ற பிராட்காம் நிறுவனத்தின் பிசிஎம்2835 சில்லு சந்தையில் தனியாகக் கிடைப்பதன்று. ராஸ்பெரி பையை உருவாக்கியோருள் முதன்மையான எபன் அப்டன் அதே பிராட்காம் நிறுவனத்தில் பணியாற்றியவர். வெளியிலிருந்து சென்ற ஒரு சிறு அறக்கட்டளைக்கு அச்சில்லு கிடைத்திருக்குமா என்பது ஐயமே. பின்னர் 2021 சனவரியில் ராஸ்பெரி பை தானே வடிவமைத்த ஆர்பி2040 நுண்கட்டுப்படுத்தியை வெளியிட்டபோது, முழு ஆவணத்தையும் பொதுவில் வைத்தது; அதே ஆண்டின் பிற்பட்ட மாதங்களில் ஒற்றைச் சில்லை ஒரு டாலருக்கு விற்றது.

ஆவணம் திறந்திருப்பதையே முதல் தகுதியாகக் கொண்டு சில்லைத் தெரிவுசெய்தோரும் உளர். பன்னி என்று அறியப்படும் ஆண்ட்ரூ ஹுவாங், ஷான் கிராஸ் ஆகியோர் 2014 இல் பொதுமக்கள் நிதியில் உருவாக்கிய நோவினா மடிக்கணினிக்கு ஃபிரீஸ்கேல் நிறுவனத்தின் ஐ.எம்எக்ஸ்6 சில்லைக் கொண்டனர். அதைவிட வேகமான சில்லுகள் அப்போது இருந்தன. ஒப்பந்தமின்றி ஆவணம் கிடைப்பது அதன் சிறப்பாக இருந்தது.

சில வேளைகளில் பயனர்களே ஆவணத்தை வரவழைக்கின்றனர். ஷாங்காயின் எஸ்பிரெசிஃப் நிறுவனத்தின் ஈஎஸ்பி8266 சில்லு கொண்ட சிறு கம்பியில்லா இணையப் பலகைகள் 2014 இல் மிக மலிவாக விற்பனைக்கு வந்தன. ஆவணங்கள் பெரும்பாலும் சீன மொழியில் மட்டும் இருந்தன. ஆர்வலர்கள் அவற்றை மொழிபெயர்த்து, சோதித்து, நிரல் எழுதிப் பகிர்ந்தனர். நிறுவனம் விரைவிலேயே மென்பொருள் மேம்பாட்டுத் தொகுப்பை வெளியிட்டது. 2016 இல் வந்த ஈஎஸ்பி32 திறந்த ஆவணங்களோடு வளர்ந்தது. சிற்றளவு வாங்குவோர் ஒன்றுசேர்ந்தால் ஆலையின் போக்கும் மாறக்கூடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று அரிது. தைவானின் பாடவுக் நிறுவனம் செய்யும், மூன்று அமெரிக்க சென்ட்டுக்கு விற்ற நுண்கட்டுப்படுத்திக்கும் இவ்வாறே தன்னார்வலர்கள் திறந்த மூல எழுதுகருவியையும் நிரல்மொழி மாற்றியையும் செய்தனர். அதற்கு முன்பு, மூன்று சென்ட் சில்லில் ஒரு முறை நிரலை எழுத, அந்நிறுவனத்தின் தனிக்கருவியை வாங்க வேண்டியிருந்தது.

வடிவமைப்பின்போதே செய்யவேண்டிய தெரிவுகள்

சுற்று முடிந்த பின் உறுப்புகளைத் தேடுவது தலைகீழான முறையாகும். அனுபவமுள்ள சிற்றளவு வடிவமைப்பாளர் ஒவ்வொரு உறுப்பையும் வரைபடத்தில் வைக்கும்போதே அதனை வேறு எவரேனும் செய்கின்றனரா என்று பார்க்கின்றனர். 1972 இல் சிக்னெட்டிக்ஸ் வெளியிட்ட 555 நேரங்காட்டி, 7805 மின்னழுத்தச் சீராக்கி, எல்எம்358 செயல்பாட்டுப் பெருக்கி, 74 வரிசை ஏரணச் சில்லுகள் ஆகியவை பல நிறுவனங்களால் ஒரே கால் அமைப்பில் செய்யப்படுகின்றன. ஒன்று இல்லையெனில் மற்றொன்றைப் பலகையை மாற்றாமலே பயன்படுத்தலாம். பெரிய நிறுவனங்களும் ஒரு காலத்தில் இதை வற்புறுத்தின. ஐபிஎம் தன் கணினிக்கு இரண்டாவது ஆலை வேண்டும் என்று கேட்டதனாலேயே 1982 இல் இன்டெல் தன் நுண்செயலியைச் செய்யும் உரிமையை ஏஎம்டி நிறுவனத்துக்கு அளித்தது. ஐபிஎம்மால் கேட்க முடிந்தது. நூறு சில்லுகள் வாங்குபவரால் கேட்க முடியாது. ஏற்கெனவே இரண்டு ஆலைகள் உள்ள உறுப்பைத் தெரிவுசெய்ய மட்டுமே முடியும்.

நுண்கட்டுப்படுத்திகளில் இது இயலாத காரியம். ஒவ்வொன்றும் ஒரே நிறுவனத்துக்கு உரியது. ஆகவே அங்கு வேறு உத்திகள் கையாளப்படுகின்றன. ஒரே குடும்பத்தில் நினைவகம் மட்டும் வேறுபடும் பல சில்லுகள் ஒரே கால் அமைப்பில் வருவதால், பெரிய நினைவகம் உள்ளதைக் கொண்டும் ஓடும்படி நிரலை எழுதுவது ஒன்று. பலகையில் இரண்டு வேறு பொதிகளுக்கு இடம் விட்டு வரைவது மற்றொன்று. எதிர்பாராத தொல்லை பெரும்பாலும் சில்லுகளிலிருந்து வருவதில்லை, இணைப்பிகளிலிருந்தே வருகிறது. எவரும் பொருட்படுத்தாத ஒரு நாலு முள் இணைப்பிக்கு மாற்று கிடைக்காததால், பெட்டியின் துளையையே மாற்ற வேண்டிய நிலை வருவதுண்டு.

2020–2023 தட்டுப்பாடு

2020 ஆம் ஆண்டின் முற்பகுதியில் கொரோனா தொற்றுப் பரவலால் விற்பனை சரியும் என்று அஞ்சி, வாகன நிறுவனங்கள் சில்லுகளுக்கான கொள்முதல் ஆணைகளைக் குறைத்தன. அதே வேளையில் வீட்டிலிருந்து பணிபுரிவோருக்கான கணினி முதலிய கருவிகளின் தேவை பெருகியது. வாகன நிறுவனங்கள் திரும்பி வந்தபோது ஆலைகளில் இடம் இல்லை. 2020 அக்டோபரில் ஜப்பானின் நொபேயோகாவில் ஏகேஎம் நிறுவனத்தின் ஆலையிலும், 2021 மார்ச்சில் ரெனெசாஸ் நிறுவனத்தின் நாகா ஆலையிலும் தீப்பிடித்தது. இடையில், 2021 பிப்ரவரியில் டெக்சாசைத் தாக்கிய கடுங்குளிரால் மின்சாரம் தடைப்பட்டு ஆஸ்டின் நகரின் ஆலைகள் நின்றன.

இத்தட்டுப்பாட்டின் சுமை ஒரே சீராக விழவில்லை. ஆலைகள் தம்மிடம் உள்ளதைப் பெரிய வாடிக்கையாளர்களுக்குப் பங்கிட்டு அளித்தன. விநியோகஸ்தர்களின் பட்டியலில் பல எஸ்டிஎம்32 நுண்கட்டுப்படுத்திகளுக்கு நேரே இருப்புச் சுழியம் என்றும் காத்திருப்புக் காலம் 52 வாரம் என்றும் காணப்பட்டது. தரகர்களிடம் அவை பழைய விலையைப் போல் பத்து மடங்குக்கும் மேல் விற்றன. சில ஆலைகள், ஒரு முறை கொடுத்த ஆணையைத் திரும்பப் பெறவோ பொருளைத் திருப்பித் தரவோ கூடாது என்ற நிபந்தனையோடு மட்டுமே ஆணைகளை ஏற்றன. பெரிய நிறுவனத்துக்கு இது கணக்குப் புத்தகத்தில் ஒரு வரி. மூவர் நடத்தும் நிறுவனத்துக்கு ஓராண்டு முதலீடு.

எஸ்டிஎம்32 கிடைக்காதோர் பலர் சீனாவின் கிகாடிவைஸ் நிறுவனத்தின் ஜிடி32 வரிசைக்கு மாறினர. கால் அமைப்பு ஒன்றே ஆயினும் உள்ளமைப்பு ஒன்றன்று. நிரல் நினைவகத்தைப் படிக்கும் வேகம் வேறுபட்டதால், சுழற்சிகளை எண்ணிக் காலத்தைக் கணக்கிட்ட நிரல்கள் மாறி ஓடின. ராஸ்பெரி பை நிறுவனமும் 2022 இல் தன் கணினிகளைத் தொழில் வாடிக்கையாளர்களுக்கு முதலில் அளிக்க, கடைகளில் தனியாக வாங்க வந்த மாணவர்கள் காத்திருந்தனர். சிறியோருக்காகத் தோன்றிய கருவியும் தட்டுப்பாட்டின்போது பெரியோரிடமே முதலில் சென்றது. 2023 இல் நிலைமை சீரடைந்து, பல இடங்களில் இருப்பு மிகுந்தது.

போலி உறுப்புகள்

தட்டுப்பாட்டின் நிழலில் வளர்வது போலி வணிகம். பழைய பலகைகளிலிருந்து பெயர்த்த சில்லின் மேற்பரப்பைத் தேய்த்து, கருமை பூசி, புதிய எண்ணை அச்சிடுவது இதன் வழக்கமான முறை. மலிவான சில்லின் மேல் விலை கூடியதன் பெயரை இடுவதும் உண்டு. அமெரிக்க மேலவையின் படைத்துறைக் குழு 2012 இல் வெளியிட்ட அறிக்கை, படைக் கருவிகளின் வழங்கல் வழியில் சுமார் 1,800 ஐயத்துக்குரிய நிகழ்வுகளையும், அவற்றில் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட உறுப்புகளையும் கண்டறிந்தது. சோதனை வசதிகள் மிகுந்த படைத்துறையே ஏமாறியிருப்பதால், சிறு வடிவமைப்பாளர் எச்சரிக்கையாக இருப்பது தேவையாகிறது.

யூஎஸ்பி வழியாகத் தொடர்நிலைத் தகவல் அனுப்பும் எஃப்டி232ஆர்எல் சில்லின் கதை பரவலாக அறியப்பட்டது. அதன் போலி ஒன்றைத் திறந்து நுண்ணோக்கியில் பார்த்தபோது, உள்ளே இருந்தது அச்சில்லின் படியே அன்று. அசலைப் போல நடிக்கும் நிரல் பொறித்த வேறொரு நுண்கட்டுப்படுத்தி. 2014 அக்டோபரில் எஃப்டிடிஐ நிறுவனம் வெளியிட்ட இயக்கி மென்பொருள், விண்டோஸ் புதுப்பிப்பு வழியாகப் பயனர்களின் கணினிகளை அடைந்து, போலிச் சில்லுகளின் அடையாள எண்ணைச் சுழியமாக மாற்றிச் செயலிழக்கச் செய்தது. போலி என்று அறியாமல் கருவியை வாங்கிய இறுதிப் பயனரே இதனால் தண்டிக்கப்பட்டார் என்ற எதிர்ப்பு எழவே, அந்த இயக்கி திரும்பப் பெறப்பட்டது. சிற்றளவு வடிவமைப்பாளரைப் பொறுத்தவரை, தரகரிடம் மிச்சம் பிடித்த சில ரூபாய்க்காகத் தம் வாடிக்கையாளரின் மேசையில் கருவி திடீரென ஊமையாகும் நிலை அது.

சிறு அளவில் செய்யத்தக்க சோதனைகள் சில உண்டு. சில்லின் மேலுள்ள தேதிக் குறியீடு பெரும்பாலும் ஆண்டும் வாரமுமாக நான்கு இலக்கங்களில் அமையும். 2134 என்பது 2021 ஆம் ஆண்டின் 34 ஆம் வாரம். உற்பத்தி நிறுத்தப்பட்ட பிந்தைய தேதி இருப்பின் ஐயத்துக்கு இடமுண்டு. அசிட்டோன் தோய்ந்த பஞ்சால் துடைத்தால் பூச்சு அகலக்கூடும். ஆனால் இன்றைய போலிகளில் பல இவற்றைத் தாண்டிவிடுகின்றன.

உறுப்புகளின் ஆயுள்

சில்லுகளும் வழக்கொழிகின்றன. ஆலை உற்பத்தியை நிறுத்தும் முன் அறிவிப்பு வெளியிட்டு, கடைசி ஆணைக்கு ஒரு நாளும் கடைசி விநியோகத்துக்கு மற்றொரு நாளும் குறிக்கும். பெரிய வாடிக்கையாளருக்கு இவ்வறிவிப்பு நேராக வரும். சிறு வடிவமைப்பாளர் விநியோகஸ்தரின் பக்கத்தில், புதிய வடிவமைப்புக்கு ஏற்றதன்று என்ற சிறு எழுத்துக் குறிப்பைத் தாமே கண்டறிய வேண்டும். அதன் பிறகு, எஞ்சிய ஆண்டுகளுக்கு வேண்டியதைக் கணித்து ஒரேயடியாக வாங்கி வைப்பதே வழி.

இதில் நிறுவனங்களின் போக்கு வேறுபடுகிறது. வாடிக்கையாளர் வாங்கும் வரை செய்வோம் என்பது மைக்ரோசிப் நிறுவனத்தின் கொள்கை. பத்து, பதினைந்து ஆண்டு உறுதி அளிக்கும் திட்டங்களை என்எக்ஸ்பி, எஸ்டிமைக்ரோ எலக்ட்ரானிக்ஸ் போன்றவை நடத்துகின்றன. 1985 இல் வந்த இன்டெல் 386 நுண்செயலி, கணினிகளிலிருந்து மறைந்து வெகுகாலம் ஆன பின்னும் தொழிற்கருவிகளுக்காக 2007 வரை செய்யப்பட்டது. ஆலை கைவிட்ட சில்லுகளை அதன் இசைவோடு இருப்பு வைத்தும், சிலவற்றை மீண்டும் செய்தும் விற்கும் அமெரிக்காவின் ராச்செஸ்டர் எலக்ட்ரானிக்ஸ் போன்ற நிறுவனங்களும் உள்ளன. அங்கு விலை கூடுதல். ஆயினும் பொருள் அசலானது.

இந்தியாவில்

சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு, பெங்களூரின் எஸ்பி சாலை, மும்பையின் லாமிங்டன் சாலை ஆகியவை மாணவர்களும் பழுதுபார்ப்போரும் நாடும் கடைவீதிகள். அன்றே கையில் கிடைப்பது இவற்றின் பெரும் நன்மை. மின்தடையம், மின்தேக்கி, 555 போன்றவற்றுக்கு இவையே போதும். குறிப்பிட்ட துல்லியம் வேண்டும் உணரிக்கோ, நூறு கருவிகளில் வைக்கப்போகும் நுண்கட்டுப்படுத்திக்கோ அங்கீகாரம் பெற்ற விநியோகஸ்தரை நாடுவதே தகும். எலிமென்ட்14 போன்றவை இந்தியாவில் ரூபாயில் விலை குறித்து விற்கின்றன.

வெளிநாட்டிலிருந்து நேராக வரவழைக்கும்போது, உலக வணிக அமைப்பின் தகவல் தொழில்நுட்ப உடன்படிக்கையில் இந்தியா இருப்பதால் தொகுசுற்றுகளுக்கு அடிப்படைச் சுங்கவரி இல்லை. 18 விழுக்காடு ஒருங்கிணைந்த சரக்கு சேவை வரி உண்டு. வரிப் பதிவு பெற்ற நிறுவனம் அதனை உள்ளீட்டு வரவாகக் கழித்துக்கொள்ளலாம். மாணவருக்கு அது செலவே. வணிக நோக்கில் இறக்குமதி செய்ய வெளிநாட்டு வணிகத் தலைமை இயக்குநரகம் வழங்கும் இறக்குமதி ஏற்றுமதிக் குறியீட்டு எண் வேண்டும். சிறு பொதிகளில் தூதஞ்சல் நிறுவனத்தின் கட்டணம் உள்ளிருக்கும் சில்லுகளின் விலையை மிஞ்சுவது இயல்பாதலால், நண்பர்களோ கல்லூரித் துறையோ சேர்ந்து ஒரே பொதியாக வரவழைப்பது வழக்கமாக உள்ளது. கம்பியில்லாத் தொடர்புள்ள பலகைகளுக்கு நடுவண் அரசின் கம்பியில்லாத் திட்டப் பிரிவு அளிக்கும் கருவி வகை ஒப்புதலும் தேவைப்படுகிறது. அது இல்லாமல் வரவழைக்கும் பொதி சுங்கத்தில் நிறுத்தப்படலாம். ஏற்கெனவே ஒப்புதல் பெற்ற பலகையை உள்நாட்டு விநியோகஸ்தரிடம் சற்றுக் கூடுதல் விலைக்கு வாங்குவது இத்தகைய உறுப்புகளுக்குப் பெரும்பாலும் மலிவாகவே முடிகிறது.